ஏழு மாதம் பில் போட்டுப் பார்த்தேன்

எங்கள் கடைக்கு அரிசி இரண்டு எடையில் வரும். 25 கிலோ சிப்பம் ஒன்று, 26 கிலோ சிப்பம் ஒன்று. ஆலையும் ஒன்றுதான், அரிசியும் ஒன்றுதான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் கட்டி முத்திரையோடு விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் எடை போனால் வரி கிடையாது. அவ்வளவுதான், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஒரு கிலோவின் கதை தெரியாத எந்த பில்லிங் மென்பொருளும் செங்கோட்டையில் ஒரு வாரம் தாங்காது.

நான் இப்போது மதிப்புரை எழுதப் போகிற பில்லிங் மென்பொருளுக்கும் முதல் நாள் அது தெரியவில்லை. புனலூர்க்காரர் ஒருவருக்கு 40 சிப்பம் 26 கிலோ இட்லி அரிசிக்கு பில் போட்டால், வரியோடு கூட்டி அடித்துத் தந்தது. எங்கள் கணக்கப்பிள்ளை அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய், தன் பழைய நாள்வழிப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். முப்பத்து நான்கு வருடமாக எங்கள் கடையில் இருப்பவர். அவர் பேசாமல் இருந்தால் திட்டுகிறார் என்று அர்த்தம்.

மென்பொருளின் பெயரை எழுதவில்லை. குறைகள் சொல்லப் போகிறேன். எட்டே பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் அது. சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியும் ஆயிற்று. பெயர் தெரியாமல் என்ன மதிப்புரை என்று கேட்பவர்கள் ஒருநாள் கடைக்கு வாருங்கள், திரையையே காட்டுகிறேன்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, மல்லி, மிளகாய் வற்றல். மொத்த வியாபாரம். சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு மலையேறி கேரளப் பக்கம் போகிறது: ஆரியங்காவு, தென்மலை, புனலூர், அஞ்சல், கொட்டாரக்கரை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. தாத்தாவின் பேரேடு ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1120 என்று தேதி போட்டு, சக்கரக் கணக்கில் பற்று வரவு எழுதியிருப்பார். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதே பக்கத்தில் தென்காசி வியாபாரிகளுக்கு பிரிட்டிஷ் ரூபாயிலும் அணாவிலும் ஒரு கணக்கு. ஆக, இரண்டு ஊர்க் கணக்கு எங்களுக்குப் புதிதில்லை. அன்றைக்குச் சக்கரமும் அணாவும், இன்றைக்கு 32ம் 33ம். வாங்குகிறவரின் ஜி.எஸ்.டி. எண் 33இல் தொடங்கினால் தமிழ்நாடு, வரி மத்திய, மாநில வரி என்று இரண்டாகப் பிரியும். 32 என்றால் கேரளம், ஒரே வரியாக ஐ.ஜி.எஸ்.டி. 50,000 ரூபாய்க்கு மேல் வரிச் சரக்கு மலையேறினால், வண்டி எண் போட்டு அரசுத் தளத்தில் எடுக்கும் சீட்டான இ-வே பில் வேண்டும். இதையெல்லாம் செய்து கொடுத்து, பாக்கிக்காரர்களுக்கு நயமாக ஞாபகப்படுத்தவும் ஒரு மென்பொருள் வேண்டும். இதுதான் கேட்டேன்.

முன்பு ஒன்று வைத்திருந்தேன். வாங்கும் வரை தினமும் போன் செய்தவர், வாங்கிய பிறகு நான் செய்தால் எடுப்பதில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

புதியது பக்கத்து வீட்டுப் பையன் மூலம் வந்தது. அவன் சென்னையில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். "எங்களோடு இருந்த நான்கு பேர் வெளியே போய் பில்லிங் செய்கிறார்கள் மாமா, ஒரு தடவை பாருங்கள்" என்றான். மே மாதம் ஒரு காலையில் அந்த நான்கு பேரில் ஒருவர் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். முதுகுப்பை, கையில் மடிக்கணினி, காலில் செருப்பு. நிறுவனத்தின் முதலாளி தானே ரயிலேறி ஓர் அரிசிக் கடைக்கு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் பிரானூர் பார்டருக்கு அழைத்துக்கொண்டு போனேன். பழைய திருவிதாங்கூர் எல்லை அங்கேதான் இருந்தது. எல்லை 1956இல் மலைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் புரோட்டாக் கடைகளோடு தங்கிவிட்டது. இப்போது தெற்குச் சீமையில் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் 'பார்டர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. நம் ஊரில் மாவு பிசைந்துவிட்டுப் போன மாஸ்டர் ஒருவர் அங்கே இருப்பார். யாருமே இல்லாமல் பலகை மட்டும் இருக்கும் இடமும் உண்டு.

இதைச் சொன்னதும் அந்தத் தம்பி சிரித்தார். "எங்கள் கதையும் இதுதான் அண்ணாச்சி" என்று சொல்லி, கை கழுவிவிட்டு வந்து, கடை பில்லின் பின்பக்கத்தில் ஒரு வம்சாவளியே வரைந்து காட்டினார். அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன்.

தாளின் உச்சியில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. 2009இல்தான் இந்தப் பெயர் வந்தது. நமக்கு தென்காசி பக்கத்து மத்தளம்பாறை அலுவலகம் என்றால் உடனே புரியும். ஜோஹோவில் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் வெளியே வந்து, வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளோடு சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார்கள். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்கும் கொடுத்து வைத்திருந்ததால், அன்றைக்கு 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்களானார்கள். ஜோஹோவிலிருந்து வந்த இன்னொரு கூட்டம் ஜார்கெட் என்று ஒன்று நடத்த, 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அதை விலைக்கு வாங்கியது. ஜார்கெட்டின் அரவிந்த் பார்த்திபன் சில வருடம் அங்கே இருந்துவிட்டு, வெளியே வந்து 2020இல் சூப்பர்ஆப்ஸ் தொடங்கினார். 2015இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் வாங்கிய கோனோட்டர் என்ற நிறுவனத்தின் ஆட்கள் அதே 2020இல் ராக்கெட்லேன் போட்டார்கள். 2017இல் ஃபசிலியோ என்று ஒன்று, அதுவும் ஜோஹோ ஆட்கள்தான். 2021இல் கிரிஷ் சிலரோடு சேர்ந்து டுகெதர் ஃபண்ட் என்று, புது நிறுவனங்களுக்குப் பணம் போடும் நிதியே தொடங்கிவிட்டார். தாளில் இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதியிருக்கிறார்.

"சரி தம்பி, இது ஜோஹோ வகையறா, இது ஃப்ரெஷ் வகையறா. அப்படித்தானே?" என்றேன். அவருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது அவர்கள் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எங்கள் அப்பா கடையில் பதினோரு வருடம் மூட்டை தூக்கி, பிறகு தராசு பிடித்து, பிறகு வசூலுக்குப் போன ஒருவர் 1988இல் புனலூரில் தனிக்கடை போட்டார். அப்பா ரொக்கமாக ஒரு பைசா கொடுக்கவில்லை. இரண்டு லோடு சரக்கு, மூன்று மாதத் தவணை. அதோடு விருதுநகர் பருப்பு வியாபாரிகளிடம் "நம் கடைப் பையன்" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை வைத்து அவர் ஒரு வருடம் ஓட்டினார். அவரிடம் வேலை பார்த்தவர் அஞ்சலில் ஒரு கடை, இன்னொருவர் கொட்டாரக்கரையில் ஒரு கடை. என் கேரள வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் இந்த ஒரு கிளையில் வந்தவர்கள். கடைப் பையன் வெளியே போனால் கடை குறையும் என்று அப்பாவிடம் ஊரில் பலர் சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்றைக்குப் புனலூருக்கு லோடு அனுப்ப முடியாது.

இந்தத் தம்பிகளுக்கும் அப்படியேதான் நடந்திருக்கிறது. நான்கு பேரும் பழைய இடத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள். யார் எந்த வேலையில் கெட்டிக்காரர், யார் கடைசி நேரத்தில் கைவிடுவார் என்பதெல்லாம் முன்பே தெரியும். முதல் பணம் போட்டது அங்கே அவர்களுக்கு மேலாளராக இருந்தவர். அவரிடம் பணம் வந்ததும் பங்கு விற்ற வழியில்தான். திரையின் நிறம், எழுத்தையெல்லாம் அமைத்துக் கொடுத்தவர் இன்னொரு பழைய சகா. எனக்கு மாதச் சந்தா பில் சார்ஜ்பீ மூலம் வருகிறது. 2011இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். நான் புகார் செய்தால் சீட்டு எண் ஃப்ரெஷ்டெஸ்க் மூலம் வருகிறது. ஒரு அரிசிக் கடையின் 26 கிலோ சிப்பத் தகராறு எத்தனை கைமாறிப் போகிறது பாருங்கள்.

அந்தத் தம்பி சொன்னதில் இன்னொன்றும் மனதில் நின்றது. பணம், அறிமுகம் இரண்டையும்விட அங்கே கற்றது ஒரு வித்தையாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, முகம் பார்க்காமலே, அமெரிக்காவில் இருக்கும் சின்ன அலுவலகத்துக்கு மாதச் சந்தாவில் மென்பொருள் விற்பது. என்ன விலை வைப்பது, இலவசமாக எத்தனை நாள் கொடுப்பது, இரவு மூன்று மணிக்கு யார் போன் எடுப்பது, இதெல்லாம் முதலில் விற்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. வெளியே போகிறவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறான். மறுபடி சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

வித்தை அமெரிக்காவுக்கு விற்க. கடையோ செங்கோட்டையில். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

அவர்களுடைய முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டேன். பழைய சகாக்கள் நடத்தும் மென்பொருள் நிறுவனங்கள் ஆறு, அவர்களுடைய நண்பர்களின் காபிக் கடை இரண்டு, உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, ஒரு மச்சானின் துணிக்கடை. ஒருவரிடமும் ஒரு சாக்கு மூட்டை கிடையாது. எல்லோரும் "அருமை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னே, கூட உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் உன் சாம்பாரில் உப்பு இல்லை என்று யார் சொல்வார்கள்? எங்கள் கடையிலிருந்து போனவர் செங்கோட்டையில் கடை போடவில்லை. மலையைத் தாண்டி, மொழி வேறாக இருக்கும் ஊரில் போட்டார். அங்கே முதல் மாதமே "அண்ணாச்சி, இந்த உளுந்தில் கல் கிடக்கிறது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல ஆள் இருந்தார்கள். இந்தத் தம்பிகளுக்கு அதைச் சொன்ன முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. பதினோராவது வாடிக்கையாளர்.

26 கிலோ விஷயத்தை நான்கு நாளில் சரி செய்துவிட்டார்கள். அது நல்லது. ஆனால் பொருளின் பெயரோடு எடையையும் வைத்து வரியைத் தீர்மானிக்கும் ஏற்பாடே அதுவரை அவர்களிடம் இல்லை என்பது எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

நன்றாக இருப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும். 32, 33 பிரிப்பு ஒரு தடவைகூடத் தவறவில்லை. பாக்கி ஞாபகக் கடிதம் வாட்ஸ்அப்பில் மலையாளத்திலேயே போகிறது. கொட்டாரக்கரையில் ஒரு கடைக்காரர் இரண்டு வருடப் பாக்கியை, இரண்டாவது கடிதத்துக்கே தீர்த்துவிட்டார். என் மலையாளத்தில் நான் கேட்டிருந்தால் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனி, ஆடியில் சாரலும் காற்றுமாக மின்சாரம் போய்ப் போய் வரும். இணையம் இல்லாமலும் பில் அடித்து வைத்துக்கொண்டு, வந்ததும் சேர்த்துவிடுகிறது. விலை மாதம் 650 ரூபாய், இரண்டு கணினிக்கு.

தமிழ் அச்சு மட்டும் படுமோசம். சின்ன அச்சுப் பொறியில் 'பொன்னி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ப தனியாக நிற்கிறது. 'கொத்தமல்லி' என்ன பாடுபடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதமாக "அடுத்த பதிப்பில்" என்கிறார்கள். எட்டுப் பேரும் தமிழர்கள்.

இப்போது ஓணத்துக்கு முந்தின வாரத்துக்கு வருகிறேன். எட்டு டன் லோடு, கொட்டாரக்கரைக்கு. இரவு ஒன்பது மணிக்குப் புளியரை எஸ் வளைவுக்குக் கீழே லாரியின் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வேறு லாரி பிடித்துச் சரக்கை மாற்றியாயிற்று. வண்டி மாறினால் இ-வே பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். மென்பொருளில் மாற்றினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரசுத் தளத்தில் நேராகப் போய் மாற்றலாம்தான். கடவுச்சொல் கணக்கப்பிள்ளையின் நோட்டில் இருக்கிறது, அவர் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறார், போன் அணைந்து கிடக்கிறது. ஓட்டுநர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார்.

தம்பியை அழைத்தேன். "பத்து நிமிடம் அண்ணாச்சி" என்றார். பத்து நாற்பதுக்கு ஒரு புதுக் குரல் என்னை அழைத்தது. நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார், என் திரையை அங்கிருந்தே பார்த்தார், எதையோ மாற்றினார். பதினொன்று ஐந்துக்கு வண்டி கிளம்பிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு, "தம்பி அங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நான் அங்கே இல்லை சார். வேறு கம்பெனி. இந்தப் பகுதியை ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்தது நான். அவன் பழைய சிநேகிதன், கூப்பிட்டான், அதனால் எழுந்து உட்கார்ந்தேன்" என்றார்.

அன்றிரவு எனக்கு இரண்டு விதமாகவும் தூக்கம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஒத்தாசையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம் என்றால் புனலூர்க்காரர் இப்படித்தான் எழுந்து வருவார். ஆனால் யார் எனக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு நான் என்ன விலை போடுகிறேன் என்பதெல்லாம் அந்தத் திரையில் இருக்கிறது. புனலூர்க்காரர் என் கடைக்கு வந்தால் திண்ணையில் உட்காருவார், காபி குடிப்பார், பேரேட்டைத் தொடமாட்டார். இந்தச் சிநேகிதர்களுக்கு அந்தத் திண்ணைக்கும் பேரேட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரியவில்லை.

மறுநாள் இதைக் கேட்டேன். தம்பி முதலில் "அவன் ரொம்ப நல்லவன் அண்ணாச்சி" என்றார். நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் வரைந்து கொடுத்த வம்சாவளித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் எனக்குச் சொன்ன ஒன்றை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். இதே தாளின் உச்சியில் இருக்கும் ஜோஹோ, தன் தொழில் ரகசியங்களை எடுத்துக்கொண்டதாகக் குற்றம் சாட்டி ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது 2020இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2021இல் சமரசமாக முடிந்தது. "உங்கள் வகையறாவிலேயே பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் அரிசிக் கடைக்காரன், எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஒரு வாரத்தில் எழுத்தில் வந்தது: நிறுவனத்தில் இல்லாத யாரும் வாடிக்கையாளர் கணக்கைத் திறக்க முடியாது, உள்ளே இருப்பவர் திறந்தாலும் எனக்குச் செய்தி வரும். அந்தச் செய்தி இப்போது வருகிறது. கார்த்திகையில் இரண்டு தடவை வந்தது, இரண்டும் நான் கூப்பிட்டதற்குத்தான். இரவு நேரத்துக்கென்று சம்பளத்துக்கு ஒரு ஆளும் வைத்திருக்கிறார்கள். அவரும் பழைய சகா இல்லை, பாளையங்கோட்டையில் படித்துவிட்டு நேராக வந்தவராம். இ-வே பில் கேள்விகளுக்கு எட்டுப் பேரையும்விட இவர்தான் தெளிவாகப் பதில் சொல்கிறார். இவருடைய அப்பா லாரி வைத்திருக்கிறார்.

யாருக்கு இந்த மென்பொருள் ஆகும் என்று கேட்டால்: எல்லை தாண்டிச் சரக்கு அனுப்பும், வருடத்துக்கு ஐந்து கோடிக்குக் கீழே வியாபாரம் செய்யும் கடைக்கு ஆகும். அதற்கு மேலே, அரசுத் தளத்தில் பதிய வேண்டிய மின்-பில் கட்டாயம். அதை இவர்கள் செய்வதை நான் பார்க்கவில்லை. தமிழில் பில் கேட்கும் வாடிக்கையாளர்கள் அதிகம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். காய்கறி மண்டிக்கு வேண்டவே வேண்டாம். பாவூர்சத்திரத்தில் என் சம்பந்தி ஒருவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஏலமும் கமிஷனும் இதில் எங்கே எழுதுவது என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை.

போன வாரம் புனலூர்க்காரர் கூப்பிட்டார். அவருக்கும் இது வேண்டுமாம், அவர் கிளையில் உள்ள கடைகளில் மூன்றுக்கும் சேர்த்து. தம்பியின் எண்ணைக் கொடுத்துவிட்டு, தம்பியிடமும் "நம் கடைப் பையன்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அறுபத்தாறு வயதுப் பையன். கூடவே, கல் கிடந்தால் முதல் நாளே சொல்லிவிடுவார் என்றும் எச்சரித்தேன்.

தையில் சந்தா புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார்கள். நான் ஆறு மாதத்துக்குத்தான் கட்டப் போகிறேன். ஐந்துக்கு மூன்றரை. 'பொன்னி' பொன்னியாக அச்சாகும் அன்றைக்கு நான்கு.